ஊர்க் காசு, ஊர்க் கடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், எங்க ஊரு பைபாஸை ஒட்டி இருக்கற பெரிய ஊராட்சி. பத்து வருஷத்துல ஒர்க்‌ஷாப், ஹோட்டல், ரெண்டு கல்யாண மண்டபம்னு நல்லா வளந்துடுச்சு. நானும் ஜிஎஸ்டி கட்டிட்டுதான் இருக்கேன். ஆனா வாரச் சந்தைல இன்னைக்கும் தார்ப்பாய்தான், ஒரு மழை பெஞ்சா தக்காளிக் கூடையெல்லாம் சேத்துலதான். கட்டுற பணம் எங்கதான் சார் போகுது?
(மளிகைக்கடைக்காரர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: அண்ணாச்சி, நீங்க கட்டுற ஜிஎஸ்டில ஒரு பைசா கூட உங்க ஊராட்சி ஆபீஸுக்கு நேரா வராது. பாதி டெல்லிக்கு, பாதி சென்னைக்கு. அப்புறம் மாநில அரசு தன்னோட சொந்த வரி வருமானத்துல 10 சதவீதத்தை உள்ளாட்சிக்குனு ஒதுக்கி, அதுல மாநகராட்சி நகராட்சி பேரூராட்சிக்கு ஒரு பங்கு எடுத்து, மீதிய மாவட்ட ஊராட்சி, யூனியன், கிராம ஊராட்சினு மூணா பிரிச்சு, கடைசில 12,000க்கு மேல இருக்கற கிராம ஊராட்சிக்கும் பங்கு போடுறாங்க. அதுலயும் மோட்டார் கரண்டு பில், தெருவிளக்கு, தூய்மைப் பணியாளர் சம்பளம் போக மிச்சம் எவ்வளவுனு நீங்களே போய் கேட்டுப் பாருங்க.

ஊராட்சிக்கே நேரா வர்ற காசு வேற. வீட்டு வரி (பேருதான் வீட்டு வரி, கடைக்கும் மண்டபத்துக்கும் அதேதான்), ஆறு மாசத்துக்கு ஒரு தடவ தொழில் வரி, அது எவ்வளவு பெரிய வியாபாரியா இருந்தாலும் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல போகாது, அப்புறம் லைசென்ஸ் கட்டணம், குழாய்க் கட்டணம், குளத்து மீன் ஏலம், புளியமரம் ஏலம், சந்தை ஏலம். இது போக ஒண்ணு இருக்கு, நெறைய பேருக்குத் தெரியாது. உங்க ஊர்ல இடம் கைமாறும்போது கட்டுற 7 சதவீத முத்திரைத் தீர்வைல 2 சதவீதம் உள்ளாட்சிக்குப் போகணும். பைபாஸ் ஓரத்து ஊருக்கு இது சின்னத் தொகை இல்ல.

இப்ப உங்க மண்டபத்துக்கு வருவோம். நான் ஒரு ஊராட்சில, பேர் வேணாம், வரிக் கேட்புப் பதிவேட்டை, அதாவது யார் எவ்வளவு வரி கட்டணும்னு எழுதி வைக்கிற நோட்டை, புரட்டிப் பாத்தேன். ஏசி ஹால், ஜெனரேட்டர் ரூம் எல்லாம் இருக்கற ரெண்டு மாடி மண்டபம், நோட்டுல ‘ஓட்டு வீடு’னு இருக்கு. பழைய வீட்டை இடிச்சுட்டு கட்டுனாங்க, நோட்டுல மட்டும் யாரும் இடிக்கல. அதுக்கு வரி என்ன வந்துட்டு இருந்துச்சுனு நான் சொல்லவே வேணாம். உங்க ஊர் பதிவேட்டுல என்ன இருக்குனு அடுத்த கிராம சபைல கேளுங்க. மண்டபத்துக்காரர் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேச மாட்டார், பரவாயில்ல.

கேள்வி: சந்தைக்கு மத்திய நிதிக்குழு பணத்துல ஷெட் போட முடியாதுனு எங்க கிளார்க் சொல்றாரு. நெஜமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பாதி நெஜம்மா. 15வது நிதிக்குழு (மத்திய வரிப் பணத்தை மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் எப்படிப் பிரிக்கணும்னு சொல்ற குழு) 2021-26க்கு போட்ட கணக்குல 60 சதவீதம் குடிதண்ணிக்கும் துப்புரவுக்கும்னு கட்டிப் போட்ட பணம், அதுல கை வைக்க முடியாது. மீதி 40, ஊர் தேவைக்கு, சம்பளத்துக்கு மட்டும் எடுக்கக் கூடாது. அதனால மொத்த சந்தைக்கும் ஒரே எஸ்டிமேட் போட்டுட்டுப் போனா ‘பண்ட் இல்ல’னுதான் பதில் வரும். பிரிச்சுப் போடுங்க. சந்தைல கழிப்பறை, குழாய், சாக்கடை, குப்பைத் தொட்டி இதெல்லாம் அந்த 60ல போகட்டும். கூரையும் தளமும் 40ல இல்ல ஊராட்சியோட சொந்தக் காசுல. வியாபாரிங்க கொஞ்சம் கை கொடுக்கத் தயார்னா நமக்கு நாமே திட்டத்துல போக முடியுமானும் விசாரிங்க, மூணுல ஒரு பங்கு நீங்க போட்டா மீதி அரசு போடுற திட்டம் அது. என்ன சொல்லுங்க, பொம்பளைங்க காலைல 5 மணிலேர்ந்து உக்காந்து விக்கிற சந்தைல முதல்ல வேண்டியது கழிப்பறைதான், கூரை அப்புறம்.

கேள்வி: ஊராட்சியே தொழில் பண்ணி சம்பாதிச்ச ஊர் எதாச்சும் இருக்கா, இல்ல எல்லாம் பேச்சுதானா?
(கல்லூரி மாணவர், ஈரோடு)

பதில்: இருக்கு தம்பி, உங்களுக்குப் பக்கத்துலயே. மேட்டுப்பாளையத்துக்கிட்ட ஓடந்துறை ஊராட்சி 2006ல 350 கிலோவாட் காத்தாலை ஒண்ணு வாங்குச்சு. விலை 1.55 கோடி. அதுல 1.15 கோடி பேங்க் கடன், மிச்சம் ஊராட்சி சேத்து வச்ச பணம். காத்தாலை நிக்கிறது உடுமலைப் பக்கம் மைவாடில, கரண்டு ஊர் கணக்குக்கு, தேவைக்கு மேல உள்ளத மின்வாரியத்துக்கு வித்து கடனையும் அடைச்சாங்க. எல்லாரும் காத்தாலையப் பத்திதான் பேசுவாங்க, எனக்கு அந்த 40 லட்சம்தான் ஆச்சரியம். கையில அது இல்லனா எந்த பேங்க் மேனேஜரும் ஒரு ஊராட்சித் தலைவர உக்காரச் சொல்லி டீ கொடுத்திருக்க மாட்டார்.

கேள்வி: எங்க ஊர்ல கட்டுன வணிக வளாகம் மூணு வருஷமா பூட்டியே கெடக்கு, ஏலத்துக்கு ஆளே வரல. ஏன்?
(வாசகர், விருதுநகர்)

பதில்: நீங்க அனுப்புன போட்டோவப் பாத்தேன். பஸ் நிக்கிறது ரோட்டு மேல, கடைங்க பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னாடி. புறம்போக்கு அங்க இருந்துச்சுனு அங்க கட்டிட்டாங்க போல. பூ விக்கிற அக்கா பஸ்ஸை விட்டுட்டு அங்க போய் உக்காருவாங்களா? வாடகையையும் டெபாசிட்டையும் குறைச்சு மறு ஏலம் விடச் சொல்லுங்க, அதுக்கும் வரலனா சுய உதவிக் குழுவுக்கு குடோனாவாச்சும் கொடுக்கச் சொல்லுங்க, எலிக்கு வாடகை இல்லாம விட்டதுக்கு அது மேல்.

கேள்வி: தலைவர் இல்லாம தனி அலுவலர் இருந்தா நிதி வராதாமே?
(வாசகர், கடலூர்)

பதில்: மாநிலப் பணம் வரும், மத்திய நிதிக்குழு பணம்தான் சிக்கல். 2016 அக்டோபர்ல உள்ளாட்சித் தலைவர்களோட பதவிக்காலம் முடிஞ்சு 2019 டிசம்பர் வரைக்கும் தேர்தல் இல்லாம கெடந்தப்ப அப்படித்தான் நிறுத்தி வச்சாங்க. ஆனா வீட்டு வரி வசூல் எந்த அலுவலர் இருந்தாலும் நிக்காது, அதனால ரசீது வாங்காம மட்டும் கட்டிடாதீங்க.