வகுப்பறைச் சுவரில் பத்துக் கட்டளைகள்: ஒரு கத்தோலிக்கத் தகப்பனின் பதில்

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸ், லூசியானா அரசுப் பள்ளி வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்டச் சட்டம் போட்டிருக்கிறார்களே? கொலை செய்யாதே, திருடாதே என்பதெல்லாம் நல்ல விஷயம்தானே, மாட்டினால் என்ன தவறு?

மாட்டக் கூடாது என்றுதான் சொல்வேன். நான் தூத்துக்குடிக்காரன், பரம்பரைக் கத்தோலிக்கன். இப்போது டெக்சாஸில் இருக்கிறேன், என் பிள்ளைகள் இங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். பைபிளில் கடவுள் மோசே வழியாகக் கொடுத்த பத்துக் கட்டளைகள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்ததே நானும் என் மனைவியும்தான். அந்தப் பொறுப்பை மாநில அரசு தன் கையில் எடுப்பதற்குத்தான் என் சம்மதம் இல்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். லூசியானா ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி 2024 ஜூனில் கையெழுத்துப் போட்டார். மழலையர் வகுப்பு முதல் அரசுப் பல்கலைக்கழகம் வரை ஒவ்வொரு வகுப்பறையிலும் மாட்ட வேண்டும். அடுத்த ஆண்டே ஆர்கன்சாவும் டெக்சாஸும் அதே வழியில் போயின. டெக்சாஸ் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது. போஸ்டர் குறைந்தது 16 அங்குல அகலம், 20 அங்குல உயரம் இருக்க வேண்டும். வகுப்பில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் படிக்க முடிய வேண்டும். யாராவது நன்கொடையாகக் கொண்டுவந்து கொடுத்தால் பள்ளி வாங்கிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் செய்தியில் வந்ததுதான். அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு: போஸ்டரில் என்ன வாசகம் இருக்க வேண்டும் என்று வரிவரியாகச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. எனக்குக் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

ஊரில் மறைக்கல்வி வகுப்பில் நான் மனப்பாடம் செய்த வரிசையில் 'கொலை செய்யாதிருப்பாயாக' ஐந்தாம் கட்டளை. கல்லூரி விடுதியில் என்னோடு தங்கியிருந்த நண்பன் எங்கள் மாவட்டத்து நாசரேத்துக்காரன், சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டன்ட் சபை. அவனுக்கு அது ஆறாம் கட்டளை. சிலை செய்யாதே என்பது எங்கள் வரிசையில் தனிக் கட்டளையாக வராது, முதல் கட்டளைக்குள் அடங்கிவிடும். கடைசியில் பிறர் மனைவியை விரும்பாதே என்று ஒன்று, பிறர் உடைமையை விரும்பாதே என்று ஒன்று எனப் பிரித்து நாங்கள் பத்தாக்குவோம். அவனுக்குச் சிலை இரண்டாம் கட்டளை, ஆசைப்படாதே என்பதெல்லாம் சேர்ந்து பத்தாவது. யூதர்களைக் கேட்டால், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உன்னை மீட்டுவந்த ஆண்டவர் நானே என்ற வாக்கியம்தான் முதலாவது என்பார்கள். ஒரே வேதப்பகுதியைத்தான் மூன்று விதமாக எண்ணுகிறோம். அவரவர் கோயிலில், சபையில், ஜெபக்கூடத்தில் அவரவர் சொல்லிக்கொடுக்கும் வரைக்கும் இதில் யாருக்கும் ஒரு இடைஞ்சலும் இல்லை.

சட்டம் போடுகிறவர்கள் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். டெக்சாஸ் வாசகத்தில் எண்கள் இல்லை. ஆனால் கிங் ஜேம்ஸ் பைபிள் என்ற புராட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பின் பழைய ஆங்கிலத்தில், விக்கிரகம் செய்யாதே என்ற வரி தனியாக நிற்கிறது. எகிப்திலிருந்து மீட்ட வரி இல்லவே இல்லை. எங்கள் வீட்டு ஹாலில் பனிமய மாதா சொரூபம் இருக்கிறது, அதற்கு முன்னால்தான் தினமும் ஜெபமாலை சொல்கிறோம். பக்கத்து வீட்டில் மதுரைக் குடும்பம், அங்கே பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் குழந்தை பள்ளிக்குக் கிளம்புகிறது. இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்து, கரும்பலகைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் அந்த வரியைப் படித்தால் என்ன புரிந்துகொள்வார்கள்? என் பிள்ளை கேட்டால் விளக்கம் சொல்ல எங்களுக்குத் திருச்சபையின் போதனை இருக்கிறது. அந்த மதுரைக் குழந்தைக்கு, உன் அம்மா செய்வது தப்பு என்று அரசாங்கம் எழுதி ஒட்டியிருப்பதாகத்தான் படும்.

நான் சும்மா பயமுறுத்தவில்லை, இந்த நாட்டிலேயே நடந்த கதை இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளிகளில் கிங் ஜேம்ஸ் பைபிள் வாசிப்பது வழக்கம். ஐரிஷ் கத்தோலிக்கர்கள் குடியேறி வந்தபோது, எங்கள் பிள்ளைகள் எங்கள் பைபிளை வாசிக்கட்டும் என்று கேட்டார்கள். பிலடெல்பியாவில் அந்தத் தகராறு 1844இல் கலவரமாக வெடித்தது. கத்தோலிக்கக் கோயில்கள் எரிந்தன, பலர் செத்தார்கள்.

அதைவிட என் மனதை அறுப்பது 1859இல் பாஸ்டனில் எலியட் பள்ளியில் நடந்தது. அங்கே மாணவர்கள் பத்துக் கட்டளைகளைப் புராட்டஸ்டன்ட் வாசகத்தில் ஒப்பிக்க வேண்டும். தாமஸ் வால் என்ற சின்னப் பையன் மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவனுக்குக் கட்டளைகள் தெரியாமல் இல்லை. தன் கோயிலில் கற்ற வாசகத்தில் சொல்லத் தயாராக இருந்தான். ஆசிரியர் பிரம்பை எடுத்து அவன் கைகளில் அரைமணி நேரம் அடித்தார். கை வீங்கி ரத்தம் கசிந்தும் பையன் ஒப்பிக்க மறுத்துவிட்டான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவனைப் பார்த்து நூற்றுக்கணக்கான கத்தோலிக்கப் பையன்களும் மறுத்தார்கள், பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது, ஆசிரியர் விடுதலையானார். மதமே இல்லாத பையனைக்கூட இப்படி அடித்திருக்கக் கூடாது. இங்கேயோ அடித்தவரும் கிறிஸ்தவர், அடிவாங்கியவனும் கிறிஸ்தவன். பத்துக் கட்டளைகளை எந்த வாசகத்தில் சொல்வது என்பதற்காக நடந்த அடி அது. இதையெல்லாம் பார்த்துத்தான் அந்தக் காலத்துக் கத்தோலிக்கர்கள் கையில் காசில்லாத நிலையிலும் பங்குக்கொரு (ஒரு கோயிலைச் சேர்ந்த பகுதியைத்தான் பங்கு என்போம்) பள்ளி என்று கட்டத் தொடங்கினார்கள். இன்று இந்தச் சட்டத்துக்குக் கைதட்டும் என் சக கத்தோலிக்கர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

இப்போது யாரும் பிரம்பெடுக்கப் போவதில்லை, சுவரில் தொங்கும் தாள்தானே, பிடிக்காவிட்டால் பார்க்காமல் இருக்கட்டும் என்கிறார்கள். லாண்ட்ரியே கிட்டத்தட்ட அப்படித்தான் பெற்றோருக்குப் பதில் சொன்னார். ஆறு வயதுப் பிள்ளை வருஷம் முழுக்க ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் வயசு, கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கும். படித்தால் கேள்வி கேட்கும். விபசாரம் என்றால் என்ன டீச்சர் என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்த டீச்சர் என்ன செய்வார்? ஆண்டவர் என்றால் யார், எங்கள் சாமியா என்று இன்னொன்று கேட்டால்? டெக்சாஸ் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2025 ஆகஸ்டில் தடை விதித்த நீதிபதி ஃப்ரெட் பியரி இதைத்தான் எழுதினார்: யாரும் பாடமாக நடத்தாவிட்டாலும் பிள்ளைகள் கேட்பார்கள், ஆசிரியர்கள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாவார்கள். அந்த டீச்சர் பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரராக இருந்தால் ஒரு பதில், கத்தோலிக்கராக இருந்தால் ஒரு பதில், முஸ்லிமாக இருந்தால் வாயடைத்துப் போவார். குருவானவர் செய்ய வேண்டிய வேலையை, அதற்குப் பயிற்சியும் இல்லாத, ஒருவேளை விருப்பமும் இல்லாத ஒருவர் தலையில் கட்டுகிறோம்.

ஊரிலிருந்து என் அக்கா போனில் வேறு மாதிரி கேட்டாள். "நம்ம ஸ்கூல்ல இந்துப் பிள்ளைங்களும் காலையில ஜெபத்துக்கு நின்னாங்களே, அவங்க என்ன கெட்டா போயிட்டாங்க?" நம்மில் நிறையப் பேர் மனதில் இருக்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. நாங்கள் படித்தது கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்திய பள்ளி. வாசலிலேயே சிலுவை இருக்கும், தெரிந்துதான் சேர்த்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நீதிபோதனை வகுப்பு நடக்கும். மதபோதனையில் எங்களை அங்கே யாரும் ஒன்றாகப் போட்டுக் கலக்கவில்லை. இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவும் இதே வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது. அரசு உதவிபெறும் மற்ற நிலையங்களில், மாணவரோ பெற்றோரோ சம்மதிக்காமல் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இங்கே டெக்சாஸில் பேசுவது எல்லார் வரிப்பணத்திலும் நடக்கும் பள்ளியைப் பற்றி. தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாதவனுக்கு அதை விட்டால் போக்கிடம் இல்லை.

சட்ட நிலைமையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கென்டக்கி மாநிலம் 1978இல் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது, போஸ்டர் அளவுகூட இதே 16க்கு 20 அங்குலம்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் 5-4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. டெக்சாஸ் தலைமைச் செயலக வளாகத்தில் நிற்கும் பத்துக் கட்டளைக் கல்லை அதே நீதிமன்றம் 2005இல் அனுமதித்தது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பில் தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட், தினமும் பள்ளிப் பிள்ளைகள் கண்முன் நிற்கும் வாசகம் வேறு, தோட்டத்தில் நிற்கும் கல் வேறு என்று பிரித்துக் காட்டினார். அவர் 1980இல் கென்டக்கி சட்டத்துக்கு ஆதரவாக நின்றவர் என்பதால் அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அப்புறம் 2022இல், மைதானத்தில் ஜெபித்த கால்பந்துப் பயிற்சியாளர் வழக்கில் நீதிமன்றம், சட்டத்துக்கு மதம் சாராத நோக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் பழைய அளவுகோலை விட்டுவிட்டு, வரலாறும் மரபும் என்ன சொல்கின்றன என்று பார்க்கத் தொடங்கியது. அந்த நம்பிக்கையில்தான் புதுச் சட்டங்கள் வந்தன. பியரி 2025இல் விதித்த தடை ஹூஸ்டன், ஆஸ்டின், பிளேனோ உள்பட 11 பள்ளி மாவட்டங்களை, அதாவது உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்களைப் பற்றியது. அந்த வழக்கைப் போட்டவர்களில் யூத, கிறிஸ்தவ, இந்துக் குடும்பங்களும் மதமே வேண்டாம் என்பவர்களும் இருந்தார்கள். மேல்முறையீடுகளில் எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் என் கருத்து மாறாது. வரலாற்றைப் பார் என்று சொல்கிறவர்கள் பாஸ்டனையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மதத்தைப் பள்ளியிலிருந்து துடைத்தெறியச் சொல்கிறேனோ என்று யாரும் நினைக்க வேண்டாம். பள்ளியில் பைபிள் வாசிப்புச் சடங்கை நிறுத்திய 1963 தீர்ப்பே, வரலாறாகவும் இலக்கியமாகவும் பைபிளைப் படிப்பதில் தடையில்லை என்றது. டெக்சாஸ் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்திட்டத்தில் ஈஸ்டர், ரம்ஜான், யோம் கிப்பூர், தீபாவளி எல்லாம் இருக்கின்றன. என் மகள் அதைப் படித்துவிட்டு வந்து மதுரை வீட்டுப் பெண்ணிடம் கார்த்திகை தீபமும் தீபாவளியும் ஒன்றா என்று விசாரித்தாள். இந்த மாதிரிப் படிப்பு இன்னும் நிறைய வேண்டும் என்பேன். மோசேயைப் பற்றி ஒரு நல்ல ஆசிரியர் ஒரு மணி நேரம் பேசினால் பிள்ளைக்குக் கிடைப்பதில் கால்பங்குகூட அந்தத் தாளிலிருந்து கிடைக்காது.

எங்கள் தமிழ் ஜெபக்குழுவில் பள்ளிகளுக்குப் போஸ்டர் வாங்கிக் கொடுக்க ஆளுக்கு இருபது டாலர் கேட்டார்கள். நான் தரவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் தாமஸ் வால் கதையைச் சொன்னேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், ஒருவர் மட்டும் அதை எங்கே படிக்கலாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதே இருபது டாலரை எங்கள் கோயில் மறைக்கல்வி வகுப்புக்குப் புத்தகம் வாங்கக் கொடுத்துவிட்டேன்.