ராணிக்கெட்டும் ராணிப்பேட்டையும்: கோழி வைரஸ் பெயர்கள் பற்றிக் கேள்வி-பதில்

வெள்ளைக்கழிச்சலை டாக்டர் 'ராணிக்கெட்' என்கிறார். நம்ம ராணிப்பேட்டையில் வந்த நோயா? (கொருக்குப்பேட்டை)

இல்லை. ராணிக்கெட் இன்றைய உத்தராகண்டில் உள்ள மலையூர். 1920களின் கடைசியில் இந்தியாவில் இந்த நோய் அங்கே அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன்பே, 1926இல், ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கோழிகள் கொத்துக்கொத்தாக மடிந்தன; அதனால் மற்ற நாடுகளில் 'நியூகாசில் நோய்'. வைரஸ் ஒன்றே. ஊர்ப்பெயர் முதலில் கண்டுபிடித்த இடத்தைச் சொல்கிறது, அது பிறந்த இடத்தை அல்ல. ராணிப்பேட்டையில் இருப்பது தடுப்பூசி தயாரிக்கும் அரசு நிலையம். அங்கிருந்து நோய் வரவில்லை, மருந்துதான் வருகிறது.

ஒன்று: வெள்ளையாகக் கழிந்தாலே ராணிக்கெட் என்று முடிவுகட்டாதீர்கள். குஞ்சுகளுக்குச் சால்மோனெல்லா பாக்டீரியாவாலும் அப்படிக் கழியும். பச்சை கலந்த கழிச்சலோடு மூச்சுத்திணறலும் கழுத்து முறுக்கலும் சேர்ந்தால் ராணிக்கெட்டைச் சந்தேகியுங்கள்.

மொட்டைமாடியில் 20 நாட்டுக்கோழி. எஃப், லசோட்டா, ஆர்2பி: மூன்றும் ராணிக்கெட் தடுப்பூசிதானே, எதைப் போட்டாலும் சரியா? (வியாசர்பாடி)

சரியல்ல. மூன்றும் உயிருள்ள வைரஸ்கள், வீரியம் வேறு. லசோட்டா என்பது அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அந்த வைரஸ் கிடைத்த பண்ணைக்காரரின் பெயர். இதுவும் எஃப்பும் மென்மையானவை. உத்தராகண்டின் முக்தேஸ்வரில் உருவாக்கிய ஆர்2பி காரமானது.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் எஃப் அல்லது லசோட்டா, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் லசோட்டா. எட்டு வாரம் ஆனபின் ஆர்2பி, இறக்கையருகே தோலுக்கு அடியில் அரை மில்லி. முதல் இரண்டையும் விட்டுவிட்டு இளங்குஞ்சுக்கு நேராக ஆர்2பி போட்டால் கால் இழுத்துக்கொள்ளும், சாகவும் செய்யும். முட்டையிடும் கோழிக்குப் போட்டால் முட்டை குறையும்.

நம்ம பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு, லசோட்டாவை மெட்ரோ வாட்டரில் கலந்து குடிக்க வைப்பது. தண்ணீரிலுள்ள குளோரின் வைரஸைக் கொன்றுவிடும். குளோரின் இல்லாத தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பில்லாப் பால்பவுடர் கரைத்துவிட்டுக் கலக்குங்கள். புட்டியை ஐஸ்கட்டியோடு வாங்கி வாருங்கள். கலக்கிய மருந்து 2 மணி நேரத்துக்குள் தீர வேண்டும்; மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் போடுவது வீண். பெரும்பாலும் 100 கோழிக்கான புட்டிதான் கிடைக்கும் என்பதால், அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருப்பவர்களோடு சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள்.

கோழிக்கு வரும் கம்போரோ நோய்க்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? (பெரம்பூர்)

கம்போரோ, அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்து ஊர். இந்த வைரஸ் நோய் 1962இல் அங்கே விவரிக்கப்பட்டது. குஞ்சின் எதிர்ப்புச் சக்தியை அடிக்கும். அதனால் மற்ற தடுப்பூசிகளும் சரியாகப் பிடிக்காது.

பறவைக்காய்ச்சல் வைரஸுக்கு ஏன் அவ்வளவு நீளப் பெயர்? (எண்ணூர்)

ஒவ்வொரு துண்டும் தகவல். 'ஏ/பெருவாத்து/குவாங்டாங்/1/1996 (எச்5என்1)' என்றால் வைரஸ் வகை, எடுத்த பறவை, இடம் (இங்கே சீன மாகாணம்), மாதிரி எண், ஆண்டு. அடைப்புக்குள் வைரஸ் மேலுள்ள இரு புரதங்களின் வகை. மனிதரிடம் எடுத்ததானால் உயிரினப் பெயர் இருக்காது. இந்தியாவில் 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதலில் வந்த எச்5என்1, இந்தக் குவாங்டாங் வைரஸின் வழிவந்ததே.

ஆனால் செத்த கோழியைப் பார்த்து இந்தப் பெயரைச் சொல்லிவிட முடியாது. ராணிக்கெட்டும் பார்வைக்கு இப்படியே இருக்கும். ஆய்வகம்தான் பிரித்துச் சொல்லும். கோழிகள் மொத்தமாகச் செத்தால் அறுக்காமல், வெறுங்கையால் தொடாமல், பையில் போட்டு எங்கும் தூக்கிச் செல்லாமல், அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுங்கள். அவர்களே வந்து மாதிரி எடுப்பார்கள்.