வாசகர் கேள்வி – பதில்: ‘ஜெர்மனி’ என்று பொறித்திருந்தால் போதுமா?

கேள்வி: காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துச் சிறு நர்சிங் ஹோம்களுக்கு இறக்குமதி அறுவைக் கருவிகள் சப்ளை செய்யப்போகிறேன். மொத்த வியாபாரி காட்டிய எல்லாவற்றிலும் ‘ஜெர்மனி’ என்று பொறித்திருக்கிறது, விலையோ பாதிதான். ஆனால் காந்தம் ஒட்டுகிறது. வாங்கலாமா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: காந்தம் ஒட்டுவது குறையே இல்லை. கத்தரி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிப்பது), நீடில் ஹோல்டர் (தையல் ஊசியைப் பிடிப்பது) எல்லாம் 410, 420 ரகக் கடினப்படுத்திய ஸ்டீலில் செய்வதால் ஒட்டத்தான் செய்யும். காந்தம் ஒட்டாததுதான் நல்லது என்கிற எவர்சில்வர் பாத்திரக் கணக்கை இங்கே போடாதீர்கள்.

கவலை அந்தப் பொறிப்பில்தான். காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் தட்டு வாங்குகிறவர்கூட அடியைத் திருப்பிப் பார்க்காமல் விலை பேசமாட்டார். ‘ஜெர்மன் ஸ்டெயின்லெஸ்’ என்பது ஸ்டீல் வந்த ஊரை மட்டும் சொல்வதாகவும் இருக்கலாம். ஜெர்மனியில் டுட்லிங்கன், பாகிஸ்தானில் சியால்கோட் இரண்டுமே இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள். 2025 மே மாதத்திலிருந்து பாகிஸ்தான் சரக்கு வேறு நாடு சுற்றி வந்தாலும் இங்கே தடை. ஆகவே லேபிளில் தயாரித்த நாடு, இறக்குமதியாளர் பெயர், முகவரி, பதிவு எண் நான்கும் இருக்கிறதா, பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டாலும் வேண்டாம். நீங்கள் விற்பதற்கு, 2017 மருத்துவக் கருவிகள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் எம்டி–41 படிவம் கொடுத்து எம்டி–42 சான்று வாங்க வேண்டும்.

பிறகு கையால் சோதியுங்கள். ஆர்ட்டரியைக் கைப்பிடியருகே உள்ள பூட்டுப் பற்களில் முதல் பல்லில் பூட்டி, மூட்டைப் பிடித்துக்கொண்டு, பற்கள் உள்ள பகுதியைக் கெட்டியான பொருளில் லேசாகத் தட்டுங்கள்; பட்டென்று திறந்துகொண்டால் தள்ளிவிடுங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நுனி முதலில் சேர வேண்டும். நீடில் ஹோல்டர் இரண்டாம் பல்லில் ஊசியைக் கவ்வியபின் விரலால் திருப்பினால் ஊசி சுழலக்கூடாது. கத்தரிக்குக் கையுறை ரப்பர்த் துண்டு போதும்: நுனிவரை வெட்ட வேண்டும், மடித்துக் கடிக்கக்கூடாது. லாட்டுக்கு ஒரு சாம்பிளைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, அமிலம் சேர்த்த மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலை 6 நிமிடம் விட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். செம்பு படிந்தால் மேற்பரப்பைச் சரியாகப் பதப்படுத்தவில்லை என்று அர்த்தம். அந்தச் சாம்பிள் திரும்பவும் செட்டுக்குள் போகக்கூடாது.

கேள்வி: நர்சிங் ஹோமுக்கு நல்ல கம்பெனி அறுவைக் கருவி செட்தான் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். யார் மேல் தப்பு?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: பென்சில் ரப்பரால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். புள்ளி போய், அடியில் மழமழவென்று இருந்தால் அது வெறும் கறை. நகம் சிக்கும் அளவுக்குக் குழி தெரிந்தால் துரு. அந்தக் கருவியை ஒதுக்கிவிட வேண்டும்.

கறைக்குப் பெரும்பாலும் போர் தண்ணீரே காரணம். உப்புத் தண்ணீரில் அலசி அப்படியே ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைத்தால், ஈரம் காயும்போது உப்பு மட்டும் தங்கிவிடும். கடைசி அலசலுக்கும் ஆட்டோகிளேவுக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். குழி விழுவதற்குக் காரணம் வேறு: ஆபரேஷன் முடிந்ததும் கருவிகளை சலைனிலோ ப்ளீச்சிங் கரைசலிலோ ஊறப் போட்டுவிட்டு மறந்துவிடுவது. இரண்டிலும் இருக்கும் குளோரைடு ஸ்டீலின் காப்புப் படலத்தைத் துளைத்துவிடும். மூட்டில் ரத்தம் காய்ந்திருந்தாலும் அதே கதிதான். ஆகவே மூட்டைத் திறந்து வைத்துத்தான் கழுவ வேண்டும், திறந்தபடியேதான் ஆட்டோகிளேவுக்குள் வைக்க வேண்டும். குரோம் உரிந்த பழைய கருவி ஒன்று அதே ட்ரேயில் கிடந்தால் அதன் துரு புதியதிலும் ஒட்டும். ட்ரேயை நேரில் போய்ப் பாருங்கள். அப்படிப் பழைய கருவி கிடந்தால் முதலில் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.