சாவியைக் கொடுத்தால் போதுமா?

கேள்வி: எங்கள் கிடங்கில் ஆறு ஆபரேட்டர்கள். எல்லோரும் சரக்குத் தூக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்டை, அதுவும் டீசலில், ஐந்து, பத்து வருடம் ஓட்டியவர்கள். போன வாரம் வாடகைக்கு ஒரு பேட்டரி ஃபோர்க்லிஃப்டும், உயரமான ரேக்கில் சரக்கு அடுக்குகிற ஒரு ரீச் டிரக்கும் வந்து இறங்கின. ஓட்டத் தெரிந்தவனுக்கு எதற்குப் பயிற்சி, சாவியைக் கொடு என்கிறார் மேலாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை.
– சூப்பர்வைசர், ஒரகடம்

பதில்: கொடுக்காதீர்கள். புதிதாகக் கற்க வருகிற பையனைவிட, பத்து வருடம் ஓட்டியவர் புது வண்டியில் ஏறும்போதுதான் எனக்குப் பயம். பையன் பார்த்துப் பார்த்து மிதிப்பான். அனுபவசாலியின் கால் அவரைக் கேட்காமலேயே போய்விடும்.

என் கால் போனது. பதினோரு வருடம் கிளட்ச் வைத்த டீசல் வண்டி ஓட்டிவிட்டு, ஒருநாள் இரட்டைப் பெடல் வண்டியில் ஏறினேன். வலதை மிதித்தால் முன்னே, இடதை மிதித்தால் பின்னே. சொல்லித்தான் கொடுத்தார்கள், நானும் தலையாட்டினேன். அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் குறுக்கே ஒருவர் வந்தார். பதற்றத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது பெடலை அழுத்தினேன். வண்டி பின்னால் பாய்ந்து எண்ணெய் டிரம் அடுக்கில் மோதியது. பின்னால் ஆள் இல்லாதது என் நல்ல நேரம். நசுங்கிய இரண்டு டிரம்முக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

உங்கள் பேட்டரி வண்டி டீசல் மாதிரியே இருக்கும், ஆனால் சத்தம் வராது. டீசல் உறுமினால் நடந்து போகிறவர் ஒதுங்குவார். இதற்கு ஒதுங்க மாட்டார். திருப்பத்தில் ஹார்ன் அடிக்காதவர்கள் இனி பழகியாக வேண்டும். ரீச் டிரக் வேறு ரகம். பக்கவாட்டில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும், ஃபோர்க்கைத் தூக்கி இறக்கும் தூணான மாஸ்டே முன்னும் பின்னும் நகரும். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்பதுகூட மாடலுக்கு மாடல் மாறும்.

முதல் நாள் சரக்கே வேண்டாம். சாவி போடாமல் உட்காரவைத்து பிரேக், ஹார்ன், சிவப்பு எமர்ஜென்சி பட்டன் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தொடச் சொல்லுங்கள். எவ்வளவு எடை தூக்கலாம் என்று வண்டியில் போட்டிருக்கும் தகட்டையும் படிக்கவையுங்கள். சுமை மையம் 500 மி.மீ., 2,000 கிலோ என்று இருந்தால், சரக்கைத் தாங்கும் கரங்களான ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து அரை மீட்டரில் சரக்கின் நடு இருக்கும்போதுதான் அந்த இரண்டு டன். 1,200 மி.மீ. ஆழத்துக்குச் சரக்கு இருந்தால் நடு 600க்குப் போய்விடும். சுமார் 200 கிலோ போச்சு. உயரத் தூக்கினால் இன்னும் குறையலாம்.

அப்புறம் திறந்த இடத்தில் வெறும் ஃபோர்க், காலி பேலட் (சரக்கு அடுக்கும் பலகை), பாதிச் சுமை என்று போங்கள். ரேக்கின் மேல்தட்டு கடைசியில்தான். எத்தனை மணி நேரம் என்று கணக்கு வைக்காதீர்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் தள்ளி நின்று திடீரென்று கையைத் தூக்குங்கள். யோசிக்காமல் கால் சரியான இடத்துக்குப் போகிறதா? அதுவரை சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும். வாடகை வண்டியை இறக்க வந்த மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஒரு மணி நேரம் பேசவையுங்கள். கையேட்டில் இல்லாதது அவருக்குத் தெரியும்.

மேலாளர் மசியவில்லை என்றால், வேறு ரக வண்டிக்கு மாற்றினால் மறுபயிற்சி கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் விதியே இருப்பதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: வண்டி சாய்ந்தால் குதித்துவிடலாமா?
– ஆபரேட்டர், தூத்துக்குடி

பதில்: உட்கார்ந்து ஓட்டுகிற சாதாரண ஃபோர்க்லிஃப்ட் என்றால் கூடவே கூடாது. குதிக்கிறவர் மேல்தான் மேல்கூண்டு வந்து விழும். பெல்ட்டோடு இருந்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாயுங்கள். நின்றுகொண்டு ஓட்டுகிற, பின்பக்கம் திறந்த வண்டி என்றால் பதில் வேறு: பின்னோக்கி இறங்கி விலக வேண்டும். எந்த வண்டி என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே!