வெள்ளைப் புடவை யாருக்கு?

கேள்வி: தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தை வைத்து ஒரு சரித்திரக் காதல் நாவல் எழுதி வருகிறேன். எங்கள் மிராசுதார் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை அது. கல்யாணமாகாத பெண் ஒருத்தி ஆடிப்பெருக்கன்று காவிரியில் காதோலை கருகமணி விடும்போது ஒரு மந்திரவாதி அவளைப் பார்க்கிறான். வசிய மை தடவி மயக்குகிறான். அவள் ஆற்றில் விழுந்து இறந்து, ஆவியாக அவனைத் தேடி வருகிறாள். இதை எழுதினால் குடும்ப மானம் போய்விடும் என்று என் அண்ணன் தடுக்கிறார். ஆடி மாதம் அவளுக்குக் கரையில்லாத வெள்ளைப் புடவை வைத்துப் படைக்கிறவர்கள் நாங்கள். அவள் கோபித்துக்கொள்வாளோ என்றும் பயமாக இருக்கிறது. எழுதலாமா?
வாசகி, திருவையாறு வட்டம்

பதில்: சகோதரி, எழுதலாமா என்று கேட்டு வரும் கடிதங்களை நிறையப் பார்த்துவிட்டேன், உங்களுக்குத் தைரியம் சொல்லப் போவதில்லை. கல்யாணமாகாதவள் என்கிறீர்கள், கரையில்லாத வெள்ளைப் புடவை என்றும் எழுதுகிறீர்கள். கன்னியாகப் போனவளுக்குப் பாவாடையோ சிற்றாடையோ வைப்பார்கள். சுமங்கலிக்கு மஞ்சளோ சிவப்போ வைப்பார்கள். அவள் கைம்பெண்ணாக இருந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆண்டுதோறும் அந்தப் புடவைக்கு முன்னால் விழுந்து கும்பிடும் நீங்கள், ஏன் வெள்ளை என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே!

சரபோஜி 1798இல் பட்டத்துக்கு வந்தார், மறு ஆண்டே ஒப்பந்தத்தால் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் போய், அவர் அதிகாரம் கோட்டையளவில் சுருங்கியது, 1832இல் காலமானார். சென்னை மாகாணத்தில் உடன்கட்டை ஏறுவது தடை செய்யப்பட்டது 1830இல். விதவை மறுமணம் செல்லும் என்ற சட்டம் வந்ததோ 1856இல், மன்னர் மறைந்து 24 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தக் காலத்தில், தாலியறுத்த ஒரு பெண் ஊர் ஊராகத் திரியும் மந்திரவாதியைத் தானாகவே விரும்பினாள் என்று ஒப்புக்கொள்ள எந்த மிராசுதார் வீட்டுக்கு மனம் வந்திருக்கும்? மை தடவினான் என்றால் அவளுடைய ஆசை மறைந்துவிடும். கன்னி என்றால் அவள் விதவை என்பது மறைந்துவிடும். ஆற்றில் விழுந்தாள் என்றால், அவளை அந்தக் கரை வரைக்கும் துரத்தியது யார் என்ற கேள்வியே எழாது. அந்தக் கதையை ஓர் எழுத்து மாற்றாமல் நீங்களும் எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கோபமாக இருக்கிறது.

உங்கள் ஆடிப்பெருக்குக் காட்சி நிற்காது. மஞ்சள் சரடு மாற்றிக்கொள்ளும் சுமங்கலிகளுக்கு நடுவே அன்று அவளைப் படித்துறையில் இறங்க விட்டிருக்க மாட்டார்கள். தள்ளி நின்றவளை அவன் பார்த்தான் என்று எழுதுங்கள். ஆவியும் மந்திரமும் இருக்கட்டும், அவை இல்லாமல் இந்தக் கதை இல்லை. ஆனால் அவள் மனத்தை மந்திரம் மாற்றியதாக மட்டும் எழுதாதீர்கள். அவனை விரும்பியது அவளாகவே இருக்கட்டும். செத்த பிறகு அவனைத் தேடிப் போகுமுன், பிறந்த வீட்டு வாசலில் நின்று அவள் நாலு வார்த்தை கேட்கட்டும்.

அண்ணன் சொல்லும் குடும்ப மானத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. குடும்பத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று நம்புகிறவன் நான். அந்தக் குடும்பத்தில் இறந்துபோன இவளும் ஒருத்தி, இவளுக்கும் நீங்கள் கடமைப்பட்டவர். உங்கள் வீட்டிலேயே வயதில் மூத்த பெண்மணியிடம் போய், அவள் பெயர் என்ன, எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்று கேட்டுவிட்டு வந்து அடுத்த அத்தியாயத்தைத் தொடங்குங்கள். அச்சில் ஊர்ப் பெயரையும் வீட்டுப் பெயரையும் மாற்றிவிடுங்கள். கையெழுத்துப் பிரதியை அண்ணனுக்கு முதலில் கொடுங்கள். படித்துவிட்டு அவர் கோபப்படட்டும். படிக்காமலே தடுக்க அவருக்கு உரிமை கிடையாது.