சிலிண்டர் வரவில்லை: யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் கேஸ் தட்டுப்பாடு பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

டிசம்பர் மழைக்குப் பிறகு புக் செய்த சிலிண்டர் 11 நாளாகியும் வரவில்லை. ஏஜென்சியில் "லோடு வரலைம்மா" என்கிறார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால் "ஏஜென்சியைக் கேளுங்கள்" என்கிறார்கள். ரேஷன் ஆபீஸிலோ "அது மத்திய அரசு சமாச்சாரம்" என்று அனுப்பிவிட்டார்கள். யார்தான் பதில் சொல்ல வேண்டும்?
— வாசகி, கொருக்குப்பேட்டை

மூன்று பேருமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் பங்கு வேறு. அதைப் பிரித்துக் கேட்காதவரை அலைச்சல் உங்களுக்குத்தான்.

மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கும் எல்.பி.ஜி. என எல்லாம் உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அந்த கேஸ் நேராக உங்கள் தெருவுக்கு வருவதில்லை. டேங்கர் லாரியில் பாட்டிலிங் பிளான்ட்டுக்குப் போகிறது. அங்கே சிலிண்டரில் நிரம்பி, லாரியில் ஏஜென்சி குடோனுக்கு வந்து, பிறகு மினி வேனிலோ மூன்று சக்கர வண்டியிலோ வீட்டுக்கு வருகிறது. இந்தச் சங்கிலி எந்த இடத்தில் அறுந்தது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் தெருக்களில் தேங்கியபோது கடைசிக் கண்ணி அறுந்தது. 2025 மார்ச் கடைசியில் நாமக்கல்லை மையமாகக் கொண்ட டேங்கர் லாரி உரிமையாளர்கள் புதிய டெண்டர் நிபந்தனைகளை எதிர்த்து லாரிகளை நிறுத்தினார்களே, அது முதல் கண்ணி.

குடோனில் சிலிண்டர் இருந்தும் உங்களுக்கு வரவில்லை என்றால் பொறுப்பு ஏஜென்சியுடையது. குடோனே காலி என்றால் எண்ணெய் நிறுவனத்துடையது. டேங்கர் ஓடாவிட்டாலும் நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த லாரிகளை ஒப்பந்தம் போட்டு ஓட்டுவது அதுதானே. அதற்கு மேலே மத்திய பெட்ரோலிய அமைச்சகம். "மத்திய அரசு சமாச்சாரம்" என்பது பாதி உண்மை மட்டுமே. அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் 1955-இன் கீழ் 2000-ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட எல்.பி.ஜி. வழங்கல் ஆணைப்படி, அதிகாரம் அளிக்கப்பட்ட மாநில அரசு அதிகாரிகளும் குடோனுக்குள் போய் இருப்பைச் சோதிக்கலாம். ரேஷன் ஆபீஸில் "சிலிண்டர் கொடுங்கள்" என்று கேட்டால் அவர்களால் முடியாது. "இந்த ஏஜென்சியின் இருப்பைச் சோதியுங்கள்" என்று எழுத்தில் கொடுத்தால் தட்டிக்கழிக்க முடியாது. மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

குடோன் காலியா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதே ஆணை, ஏஜென்சி தன் இருப்பையும் விலையையும் எல்லோர் கண்ணிலும் படும்படி பலகையில் எழுதி வைக்கச் சொல்கிறது. கையில் இருப்பு இருக்கும்போது கொடுக்க மறுப்பதும் விதிமீறல். பலகையைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அது துடைத்து வெறுமையாக இருந்தால் அதையும் எடுங்கள். அதுவே ஒரு புகார்.

பிறகு 1800 2333 555 என்ற இலவச எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் pgportal என்ற மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்தில் பெட்ரோலிய அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதியுங்கள். அங்கே 21 நாளில் தீர்வு காண வேண்டும் என்பது 2024-இல் வகுத்த விதி. சும்மா "கேஸ் வரவில்லை" என்று எழுதினால் "ஏஜென்சிக்கு அறிவுறுத்தப்பட்டது" என்ற ஒற்றை வரியோடு மூடிவிடுவார்கள். நுகர்வோர் எண், புக்கிங் எண், புக் செய்த தேதி, பலகையில் கண்ட இருப்பு ஆகிய நான்கும் இருக்கட்டும்.

அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே! 5 கிலோ சிலிண்டரை ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்க்குகளிலும் அடையாள அட்டை காட்டி வாங்கலாம். சந்தை விலைதான், பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

சிலிண்டர் வராமலேயே "டெலிவரி ஆகிவிட்டது" என்று எஸ்.எம்.எஸ். வருகிறது. இது எப்படி?
— வாசகர், வியாசர்பாடி

பில் போட்டதும் உங்கள் மொபைலுக்கு ஒரு டெலிவரி கோடு வரும். அதை முன்கூட்டியே யாரிடமாவது சொன்னீர்களா? தட்டுப்பாடு நேரத்தில் "கோடைச் சொல்லுங்க, சாயந்திரம் வந்துடும்" என்று போனில் கேட்பது சகஜம். சொல்லிவிட்டால் கணக்கில் சிலிண்டர் உங்களுடையது, கையில் வேறு யாருடையதோ. சிலிண்டர் வாசலில் இறங்கிய பிறகே கோடு சொல்ல வேண்டும். பழைய மொபைல் எண் பதிவில் இருந்தால் உடனே மாற்றுங்கள். ஏற்கெனவே இப்படி நடந்திருந்தால், எஸ்.எம்.எஸ்.ஸைப் படமெடுத்து அன்றைக்கே புகார் செய்யுங்கள். நாள் கடந்தால் நிரூபிப்பது கடினம்.

கூடுதலாக 200 ரூபாய் கொடுத்தால் மறுநாளே வருகிறது. கொடுக்கலாமா?
— வாசகி, திருவொற்றியூர்

கூடாது. பில்லில் உள்ள தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் கொடுக்கும் 200, வரிசையில் முன்னால் நிற்கிற ஒரு குடும்பத்தின் சிலிண்டர்.

தகவல் உரிமைச் சட்டத்தில் "ஏன் தட்டுப்பாடு ஏற்பட்டது?" என்று கேட்டேன். "இந்தக் கேள்வி தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று பதில் வந்தது. வேறு எப்படிக் கேட்பது?
— வாசகர், தண்டையார்பேட்டை

அந்தச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) ஆவணத்தைத்தான் கேட்க முடியும், விளக்கத்தை அல்ல. "ஏன்" என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். ஏஜென்சி தனியாருடையது, மனுவை அதற்கு அனுப்பாமல் எண்ணெய் நிறுவனத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் பொதுத்துறை நிறுவனங்கள் என்பதால் சட்டத்துக்குள் வருகின்றன. கேட்க வேண்டியது இப்படி:

"டிசம்பர் 1 முதல் 31 வரை மேற்படி ஏஜென்சி கோரிய 14.2 கிலோ சிலிண்டர்களின் எண்ணிக்கையும் அனுப்பப்பட்ட எண்ணிக்கையும், நாள்வாரியாக. அதே நாட்களில் ஏஜென்சியின் இருப்பும் நிலுவைப் பதிவுகளும். அந்த மாதத்தில் வழங்கப்பட்ட சிலிண்டர்களின் புக்கிங் தேதியும் டெலிவரி தேதியும் மட்டும் அடங்கிய பட்டியல். அந்த மாதம் அந்த ஏஜென்சியில் நடத்திய ஆய்வு அறிக்கையின் நகல்."

பட்டியலில் பெயர், முகவரி கேட்காதீர்கள். தனிநபர் விவரம் என்று மொத்தத்தையும் மறுத்துவிடுவார்கள். வெறும் தேதிகளே போதும். உங்களுக்குப் பின்னால் புக் செய்து முன்னால் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

கட்டணம் 10 ரூபாய். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மாநில அரசு அலுவலகத்துக்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிப் பழகிய கையால் மத்திய நிறுவனத்துக்கும் ஒட்டிவிடுகிறார்கள், மனு திரும்பிவிடும். போஸ்டல் ஆர்டர் எடுங்கள், அல்லது மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளம் வழியே கட்டுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சான்று இணைத்தால் கட்டணமில்லை. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, "வணிக ரகசியம்" என்று மறுத்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதிலும் திருப்தியில்லையென்றால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம்.

மார்கழியில் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. எடையைக் குறைத்து அனுப்புகிறார்களா?
— வாசகி, ராயபுரம்

குளிக்க வெந்நீர் போட ஆரம்பித்தாலே செலவு கூடும். ஆனாலும் சந்தேகத்தை வாசலிலேயே தீர்த்துக்கொள்ளலாம். சிலிண்டரின் மேல் பகுதியில் காலி எடை பொறித்திருக்கும். அது 15.7 கிலோ என்றால், 14.2 கிலோ கேஸையும் சேர்த்து மொத்தம் 29.9 இருக்க வேண்டும்; 150 கிராம் வரை வித்தியாசம் அனுமதி. 29.75-க்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்புங்கள். கொண்டுவருபவர் தராசு வைத்திருக்க வேண்டும், நீங்கள் கேட்டால் எடைபோட்டுக் காட்ட வேண்டும். சீல் உடைக்கும் முன்பே கேளுங்கள்.

தாமதத்துக்கு நஷ்டஈடு கிடைக்குமா?
— வாசகர், பெரம்பூர்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஏஜென்சியையும் எண்ணெய் நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்மனுதாரர்களாகக் காட்டுங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மேல் கைகாட்டுவார். வெள்ளம் தேங்கிய நாட்களுக்கு நஷ்டஈடு கேட்டால் நிற்காது. தண்ணீர் வடிந்த பிறகும் வராத நாட்களைத் தனியாகக் கணக்கிடுங்கள். அந்த நாட்களின் ஓட்டல் பில், 5 கிலோ சிலிண்டர் பில், புகார் எண், ஆர்.டி.ஐ.யில் வந்த தேதிப் பட்டியல் எல்லாம் சேர்ந்தால்தான் வழக்கு வலுவாகும். அதனால் ஆர்.டி.ஐ. மனுவை முதலில் போட்டுவிட்டு, பட்டியல் கைக்கு வந்த பின் ஆணையத்துக்குப் போங்கள்.