ஹோட்டல் ஆங்கிலம் கைவசம் இருக்கிறது, ஒப்படை ஆங்கிலம்? – கேள்வி பதில்

கொழும்பில் சுற்றுலா, விருந்தோம்பல் முகாமைத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கல்விசார் ஆங்கிலம் கற்பிக்கிறேன். இந்த முறை கேள்விகளை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

வெள்ளவத்தை மாணவி: மிஸ், ஹோட்டலில் ஃப்ரன்ட் ஒஃபிஸில் வேலை செய்துவிட்டுத்தான் டிகிரிக்கு வந்தேன். வெளிநாட்டு விருந்தினருடன் தடங்கலில்லாமல் பேசுவேன். ஆனால் முதல் ஒப்படையில் (அசைன்மென்டில்) "பேச்சு நடையாக இருக்கிறது" என்று எழுதிப் புள்ளியைக் குறைத்துவிட்டார்கள். என் ஆங்கிலத்தில் என்ன பிழை?

பிழை இல்லை தங்கச்சி. நீங்கள் பேசும் ஆங்கிலத்துக்கு வேலை வேறு. கவுண்டரில் எதிரே நிற்பவர் களைத்துப்போய் வந்திருக்கிறார். அவருக்கு மனம் ஆறவேண்டும், அறைச் சாவி கைக்கு வரவேண்டும். நீங்கள் சொல்வதற்கு அவர் ஆதாரம் கேட்கமாட்டார். ஒப்படையை வாசிக்கிறவர் அதைத்தான் கேட்பார். யார் சொன்னது, எந்த வகை விருந்தினர், எத்தனை பேரிடம் பார்த்தது?

உங்கள் ஒப்படையில் 'இஃப் வீ ட்ரீட் கெஸ்ட்ஸ் வெல், தே வில் கம் பேக்' என்ற மாதிரி ஒரு வசனம் இருந்திருக்கும். கருத்து சரிதான். ஆய்வாளர்கள் இதையே 'சேர்விஸ் குவாலிட்டி', 'ரீவிசிட் இன்டென்ஷன்' என்று இரண்டு பெயர்ச்சொற்களாக்கி, இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதுவார்கள். வினையைப் பெயராக்கினால் அதை வரையறுக்கலாம், அளக்கலாம், இன்னொரு ஊரின் முடிவோடு ஒப்பிடலாம். பரசுராமன், சைதாம்ல், பெரி மூவரும் 1988 இல் சேவைத் தரத்தை ஐந்து கூறுகளாகப் பிரித்தார்கள்: சொன்னபடி செய்தல், உடனுக்குடன் உதவுதல், நம்பிக்கையூட்டுதல், விருந்தினரின் நிலையை உணர்தல், கண்ணுக்குத் தெரியும் வசதிகள். நீங்கள் எழுதிய 'நன்றாகக் கவனித்தல்' இந்த ஐந்தில் எது என்று தெரிவு செய்யுங்கள். அந்தத் தெரிவிலேயே வசனம் பாதி திருந்திவிடும். ஃப்ரன்ட் ஒஃபிஸில் நின்ற அனுபவம் உங்களுக்கு இங்கேதான் கைகொடுக்கும். அதில்லாத பிள்ளைக்கு ஐந்தும் ஒன்றுபோலத் தெரியும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எல்லா வசனத்தையும் நீளமான பெயர்ச்சொற்களால் நிரப்பினால் வாசிக்கிறவருக்கு மூச்சுமுட்டும். முக்கியமான கருத்து வரும் இடத்தில் செய்தால் போதும்.

பம்பலப்பிட்டி மாணவர்: எந்தச் சொற்களை முதலில் படிக்கவேண்டும்? பட்டியல் ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது. நியூசிலாந்தில் ஏவ்ரில் கொக்ஸ்ஹெட் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அகடமிக் வேர்ட் லிஸ்ட்' 570 சொற்குடும்பங்களைக் கொண்டது. அன்றாட ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் முதல் 2000 சொற்குடும்பங்களை நீக்கிவிட்டு, கலை, வணிகம், சட்டம், விஞ்ஞானம் ஆகிய நான்கு துறை எழுத்துகளிலும் பரவலாக வரும் சொற்களைத் தொகுத்தார்கள். அதிகம் வருபவை முதலில் இருக்கும்படி பத்துப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பகுதியின் 60 குடும்பங்களில் தொடங்குங்கள்.

ஆனால் தனிச்சொல்லாக மனனம் செய்யாதீர்கள். 'சர்வே' என்ற சொல்லைக் கற்றால் அதற்கு முன் 'கண்டக்ட்' வரும் என்பதையும் சேர்த்துக் கற்க வேண்டும். 'டேட்டா' என்றால் 'கலெக்ட்', 'அனலைஸ்'. கொப்பியில் எழுதும்போது எப்போதும் சோடியாக எழுதுங்கள்.

அப்புறம், துறைச் சொற்கள் அந்தப் பட்டியலில் கிடைக்காது. அவற்றைப் பாடப்புத்தகத்திலிருந்துதான் எடுக்கவேண்டும். சாதாரணமாகத் தெரியும் சொற்கள்தான் அங்கே அதிகம் ஏமாற்றும். கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் கப்பலில் இருந்து இறங்கி, புறக்கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவு கப்பலுக்கே தூங்கப் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. வரையறைப்படி அவர் 'விசிட்டர்', அதிலும் 'சேம் டே விசிட்டர்'. 'டூரிஸ்ட்' என்று எழுத அவர் வந்த இடத்தில் ஓர் இரவாவது தங்கியிருக்கவேண்டும். இதை மாற்றி எழுதினால் விரிவுரையாளர் அதை ஆங்கிலப் பிழையாகப் பார்க்கமாட்டார், பாடம் விளங்கவில்லை என்றே நினைப்பார். 'லீக்கேஜ்' (சுற்றுலா வருமானம் நாட்டுக்கு வெளியே போய்விடுவது), 'கெரியிங் கெப்பாசிட்டி' (ஓர் இடம் கெடாமல் தாங்கக்கூடிய பயணிகளின் அளவு), 'சீசனாலிட்டி' (பருவத்துக்குப் பருவம் வருகை ஏறி இறங்குவது) எல்லாம் இப்படித்தான். அகராதியை மூடிவைத்துவிட்டுப் பாடப்புத்தகத்தின் வரையறையைப் பாருங்கள்.

மருதானை மாணவர்: வரைபடத்தை விளக்கச் சொன்னால் ஒவ்வோர் ஆண்டின் எண்ணையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். "விவரித்தல் மட்டும்தான், பகுப்பாய்வு இல்லை" என்கிறார்கள்.

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி தம்பி, நம் நாட்டு எண்களையே வைத்துப் பார்ப்போம். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் கணக்கில் சுற்றுலாப் பயணிகளின் வருகை இப்படி: 2018 இல் 2,333,796. 2019 இல் 1,913,702. 2020 இல் 507,704. 2021 இல் 194,495. 2022 இல் 719,978. 2023 இல் 1,487,303. 2024 இல் 2,053,465.

பேனையை எடுக்குமுன் இதன் வடிவத்தைப் பாருங்கள். இறங்கி ஏறுகிறது, அடி 2021 இல். முதல் வசனத்தில் அது மட்டும் வரட்டும், எண் வேண்டாம். பிறகு எல்லா எண்ணையும் எழுதாமல், அர்த்தமுள்ள ஒப்பீடுகளைத் தெரிவு செய்யுங்கள். 2018 இலிருந்து 2019 க்கு ஏறக்குறைய 18% வீழ்ச்சி. 2021 இல் வந்தவர்கள் 2018 இல் வந்தவர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 2024 இல் மீண்டாலும் 2018 ஐவிட 12% குறைவு. இந்த மூன்றைச் சொன்னாலே படம் முழுதும் வந்துவிடும். முழு எண்ணை அட்டவணைக்கு விட்டுவிட்டு, வசனத்தில் '2.3 மில்லியன்' என்று எழுதுங்கள்.

இனி, எங்கே எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐ.ஈ.எல்.டி.எஸ். அகடமிக்கின் முதல் எழுத்துப் பகுதியில் படத்தில் இல்லாத காரணத்தைச் சொல்லக்கூடாது. கம்பஸ் ஒப்படையில் காரணம் சொல்லாவிட்டால் புள்ளி போய்விடும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள், 2020 மார்ச்சில் பயணிகள் வருகைக்கு மூடப்பட்டு 2021 ஜனவரியில் திறந்த விமான நிலையம், 2022 இன் பொருளாதார நெருக்கடி – இவற்றை ஒவ்வொரு திருப்பத்தோடும் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் மூலத்தைக் காட்டவேண்டும். பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். டியூட்டரியில் தேர்வுக்காகப் பழகிய நடையிலேயே ஒப்படையை எழுதிவிடுகிறார்கள்.

வீதக் கணக்கிலும் கவனம் வேண்டும். அறைகள் நிரம்பும் வீதம் 40 இலிருந்து 50 ஆனால் அது 10 'பேர்சன்டேஜ் பொயின்ட்' உயர்வு. '10 பேர்சன்ட்' உயர்வு என்று எழுதினால் தவறு, ஏனென்றால் அது உண்மையில் 25% உயர்வு. ரெவ்பார் (இருக்கும் அறை ஒன்றுக்குச் சராசரியாக வரும் வருமானம்) பற்றி எழுதும்போது இந்தத் தவறு முழுப் பகுப்பாய்வையும் கவிழ்த்துவிடும். சராசரி அறைக் கட்டணத்தை நிரம்பும் வீதத்தால் பெருக்கினால் வருவதுதான் ரெவ்பார். கட்டணம் 20,000 ரூபாய், நிரம்பியது 60% என்றால் 12,000 ரூபாய்.

கொட்டாஞ்சேனை மாணவி: 'டூரிசம் டிஸ்ட்ரோய்ஸ் லோக்கல் கல்ச்சர்' என்று எழுதினேன். பக்கத்தில் "மிகவும் உறுதியாகச் சொல்லியிருக்கிறீர்கள்" என்று குறிப்பு. உறுதியாகச் சொல்வது தவறா?

ஆதாரம் தாங்கும் அளவுக்கு மட்டும் உறுதியாகச் சொல்லவேண்டும். இது நம் பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தமிழ்க் கட்டுரையை 'ஐயமில்லை', 'மறுக்க முடியாத உண்மை' என்று முடித்தால்தான் பாராட்டு. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வருகிறோம்.

உங்கள் வசனத்தில் எந்த ஊர், எந்தப் பழக்கம், எப்போது என்று எதுவுமே இல்லை. எல்ல என்ற மலையூரில் வீடுகளை விருந்தினர் விடுதியாக்கிய குடும்பமும் அருகம் குடாவில் மீன்பிடித்தவரும் சுற்றுலாவை ஒரே மாதிரி அனுபவிக்கமாட்டார்கள். டொக்ஸி என்ற ஆய்வாளர் 1975 இல் முன்வைத்த மாதிரியில் உள்ளூர் மக்களின் மனநிலை மகிழ்ச்சி, அலட்சியம், எரிச்சல், பகை என்று நான்கு கட்டங்களாக மாறுகிறது. பட்லர் என்ற இன்னோர் ஆய்வாளர் 1980 இல் ஒரு சுற்றுலாத் தலத்தின் வாழ்க்கைச் சுழற்சியை வரைந்தார். இரண்டுமே காலப்போக்கில் நிகழும் மாற்றத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஆகவே 'வேகமாக வளரும் தலங்களில் உள்ளூர்ப் பழக்கங்கள் சில பலவீனமடையக்கூடும்' என்ற அளவில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் 'மே', 'டெண்ட் டு', 'இன் சம் டெஸ்டினேஷன்ஸ்'. ஆனால் ஒரே வசனத்தில் 'மே', 'பொசிபிளி', 'பெர்ஹாப்ஸ்' மூன்றையும் போட்டால் ஒன்றுமே சொல்லாததுபோல ஆகிவிடும். ஒன்று போதும்.

தெஹிவளையிலிருந்து ஓர் அம்மா: மகன் உயர்தரம் வணிகப் பிரிவில் தமிழ்மொழி மூலம் படித்தவன். இப்போது கற்கைநெறி முழுக்க ஆங்கிலம். ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் சேர்த்துவிடட்டுமா மிஸ்?

சேர்த்தால் நட்டமில்லை அம்மா, கூச்சம் போகும். ஆனால் அவர் தடுமாறுவது வாசிப்பில்தான் இருக்கும். வணிகப் பிரிவில் படித்தவருக்குக் கேள்வி (டிமான்ட்), வழங்கல் (சப்ளை), செலவு எல்லாம் தமிழில் ஏற்கெனவே நன்றாக விளங்கும். ஒரு தலைப்பைத் தமிழ்ப் புத்தகத்தில் முதலில் பார்த்துவிட்டு, அதே தலைப்பை ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள கொழும்பு பொது நூலகத்தில் மூன்று மொழிகளிலும் புத்தகங்கள் இருக்கின்றன. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் ஆண்டுப் புள்ளிவிவர அறிக்கையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எளிய ஆங்கிலம், தெரிந்த ஊர்ப் பெயர்கள். தொடங்குவதற்கு அதைவிட நல்லது இல்லை.

கொள்ளுப்பிட்டி மாணவர்: வெளிநாட்டில் மேல்படிப்புக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். எடுத்தால் கல்விசார் ஆங்கிலம் வந்துவிடும்தானே?

நுழைவுக்கு வேண்டியது கிடைக்கும், அவ்வளவுதான். அந்தத் தேர்வின் கட்டுரைப் பகுதியில் குறைந்தது 250 சொல்லில், மூலமே காட்டாமல், 40 நிமிடத்தில் கருத்து எழுதுகிறீர்கள். கம்பஸில் பல கட்டுரைகளை வாசித்து அவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கவேண்டும். 'அகடமிக்' பிரிவைத்தான் கேட்கிறார்களா, எழுத்துக்குத் தனியாகக் குறைந்தபட்ச பேண்ட் (புள்ளி மட்டம்) கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பெறுபேறு இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும்.

பயிற்சியில் இருக்கும் மாணவி: இன்டர்ன்ஷிப் அறிக்கையில் 'ஐ' போட்டு எழுதலாமா? நடந்ததை எல்லாம் எழுதிவிட்டேன், ஆனாலும் போதாது என்கிறார்கள்.

பிரதிபலிப்பு அறிக்கை என்றால் 'ஐ' தாராளமாகப் போடலாம், போடவும் வேண்டும். கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988 இல் தந்த பிரதிபலிப்புச் சுழற்சியைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாக நடந்தது எது இல்லை, ஏன், முடிவு என்ன, அடுத்த முறை என்ன செய்வேன். எல்லாரும் முதல் கட்டத்திலேயே பக்கங்களைத் தீர்த்துவிடுகிறார்கள். 'ஏன்' என்ற கட்டத்துக்கு அதிக இடம் கொடுங்கள்.

விருந்தினர் பிற்பகல் 2 மணிக்கு வருகிறார், அறை தயாரில்லை, கோபப்படுகிறார். இதை மூன்று வசனத்தில் முடியுங்கள். அப்புறம் கேளுங்கள்: காலையில் வெளியேறவேண்டியவர் பிந்தினாரா? ஹவுஸ்கீப்பிங் அறையைத் துப்புரவாக்கி முடித்த தகவல் ஃப்ரன்ட் ஒஃபிஸுக்கு எப்படி வருகிறது, எங்கே தாமதமாகிறது? மன்னிப்புக் கேட்டபோது விருந்தினர் எதற்கு அமைதியானார், விளக்கத்துக்கா, காத்திருக்க ஓர் இடமும் குடிக்க ஏதாவதும் கொடுத்ததற்கா? வகுப்பில் படித்த 'சேர்விஸ் ரெக்கவரி' (சேவையில் தவறு நேர்ந்தபின் அதைச் சரிசெய்து விருந்தினரைத் திருப்திப்படுத்துவது) கோட்பாட்டை இந்த இடத்தில் கொண்டுவாருங்கள். விருந்தினரின் பெயரையோ அறை எண்ணையோ எழுதாதீர்கள்.

பலர்: தமிழில் எழுதி, செயலியில் மொழிபெயர்த்துக் கொடுக்கலாமா?

தமிழில் யோசியுங்கள், குறிப்பெடுங்கள், திட்டம் போடுங்கள். அது உங்கள் பலம். வசனத்தை மட்டும் ஆங்கிலத்தில் நீங்களே கட்டுங்கள். செயலியின் வசனம் வழுவழுப்பாக இருக்கும், ஆனால் துறைச் சொல் மாறிப்போனால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. சில நிறுவனங்களில் அது விதிமீறலும்கூட, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறர் கருத்தை எடுக்கும்போது கட்டுரையை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள். பார்த்தபடி சொல்லை மட்டும் மாற்றினால் அது களவுதான், மூலத்தைக் கீழே போட்டாலும்.

கடைசியாக, வத்தளை மாணவர்: 20 பக்க ஆய்வுக் கட்டுரை ஒன்றை வாசிக்கவே சனி ஞாயிறு போய்விடுகிறது மிஸ்.

முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறீர்கள், அதுதான் காரணம் தம்பி. சுருக்கத்தை வாசியுங்கள். பிறகு முன்னுரையின் கடைசிப் பந்தி, ஆய்வின் நோக்கம் பெரும்பாலும் அங்கே இருக்கும். அங்கிருந்து நேரே முடிவுரைக்குப் போங்கள். இவ்வளவிலேயே அந்தக் கட்டுரை உங்கள் ஒப்படைக்கு வேண்டுமா இல்லையா என்று தெரிந்துவிடும். வேண்டாததை அங்கேயே விட்டுவிடுங்கள். வேண்டியதில் மட்டும் அட்டவணைகளையும் அவற்றுக்குக் கீழே உள்ள விளக்கத்தையும் ஆறுதலாக வாசியுங்கள். ஆய்வுமுறைப் பகுதியில் எந்த நாடு, எத்தனை பேர், எந்த ஆண்டு என்ற மூன்றையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்படையில் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது முதலில் தேடப்போவது அவற்றைத்தான்.